பீரங்கிக் கோப்பைக் கையில் எடுக்கும் இளம் அதிகாரிக்கு

பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்குப் பழி வந்தால், அந்தப் பழிக்குப் பெயரும் தேதியும் உண்டு. போடாமல் விட்டதால் விளையும் சேதத்துக்கு ஆள் கிடையாது. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வரும் அதிகாரி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். விலை விவரம், டெண்டர் விதியெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

இந்தியாவில் இதற்குப் போஃபர்ஸைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஸ்வீடனின் அந்த நிறுவனத்திடம் 410 ஹோவிட்சர் பீரங்கிகள் வாங்க 1986 மார்ச்சில் ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். மறு ஆண்டு ஏப்ரலில், லஞ்சம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி செய்தி வெளியிட்டது. 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்ததில் இந்த விவகாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விசாரணை நடந்தது முற்றிலும் சரி. ஆனால் அதோடு, பீரங்கிக் கோப்பு என்றாலே கை பின்வாங்கும் பழக்கமும் அலுவலகங்களில் ஊறிவிட்டது. டெண்டர்கள் விடப்பட்டன, ரத்தாயின, மறுபடி விடப்பட்டன. போட்டியிட்ட சில நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலுக்குப் போயின. 1999இல் கார்கில் முகடுகளில் இருந்த பதுங்குகுழிகளைத் தகர்க்க அந்தப் பழைய போஃபர்ஸ் பீரங்கிகளே கைகொடுத்தன. புதிய ஹோவிட்சர்களுக்கான அடுத்த பெரிய ஒப்பந்தம், 145 எம்-777 பீரங்கிகளுக்கு, 2016 நவம்பரில்தான் கையெழுத்தானது. முப்பது ஆண்டுகள்! போஃபர்ஸ் ஒப்பந்தத்தின்படி வந்த தொழில்நுட்ப வரைபடங்களைக் கொண்டு உள்நாட்டில் உருவான தனுஷ் பீரங்கியும் 2019இல்தான் படையில் சேர்ந்தது.

ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். அலுவலகத்தில் அந்த வலி ‘மேலும் விளக்கம் பெறவும்’ என்ற ஒற்றை வரியாக வெளிப்படுகிறது. கோப்பு கீழே இறங்கி, விளக்கத்தோடு ஏறி, வேறொரு ஐயத்தோடு மறுபடி இறங்கும். அதற்குள் நிறுவனம் கொடுத்த விலையின் காலக்கெடு முடிந்துவிடும். ஒரே பீரங்கியில் எல்லாத் திறனும் வேண்டும் என்று தேவைப் பட்டியலை நீட்டுவதும் இதே அச்சத்தின் இன்னொரு முகம்தான்; நாளை எதையாவது விட்டுவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே!

நிச்சயமின்மை எந்த விளக்கத்தாலும் முழுமையாகத் தீராது. பத்தாண்டு கழித்து நடக்கப்போகும் போரை இன்றைக்கு யாரும் அறிய முடியாது. ஆகவே எது தெரியும், எது தெரியாது, தெரியாததை ஏன் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அன்றைய தேதியிலேயே குறிப்பில் எழுதிவைப்பது அவசியம். பின்னாளில் வரும் தணிக்கையாளருக்கு, முடிவெடுத்த நாளில் இருந்த தகவலை வைத்து அந்த முடிவை எடைபோட இந்தக் குறிப்பைத் தவிர வேறு வழியில்லை. நேர்மையான அதிகாரிக்கு உண்மையான காப்பும் அதுதான்.

தாமதத்தின் விலையும் அதே குறிப்பில் இடம்பெற வேண்டும்: இருக்கும் பீரங்கிகளின் வயது, உதிரிபாக நிலை, ஓராண்டு தள்ளிப்போனால் எந்தப் படைப்பிரிவு எதை இழக்கும் என்பது. விளக்கம் கேட்பதில் தவறில்லை. கேட்கும் இளம் அதிகாரி, அந்த வரிக்குப் பக்கத்திலேயே பதில் வரவேண்டிய தேதியையும் எழுதட்டும்.