புழு வேறு, அதன் மூலக்கூறு வேறு

நம்பிக்கை: வயிற்றில் புழு இருந்தால் சர்க்கரை நோய் அண்டாது. பூச்சி மாத்திரை கொடுப்பதால்தான் பிள்ளைகளுக்கு அது வருகிறது.

உண்மை: இந்தப் பேச்சின் வேர் எலிகளிடம் இருக்கிறது. டைப் 1 நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்புப் படையே கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிறது. தானாகவே இந்நோய்க்கு ஆளாகும் ஓர் எலி வகை உண்டு. கேம்பிரிட்ஜில் ஆன் குக் குழுவினர் அவற்றுக்குச் சிஸ்டோசோமா என்னும் ரத்தப் புழுவைத் தொற்றவைத்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. 1999-இல் இது வெளியானது. அடுத்து நடந்ததுதான் முக்கியம்: உயிருள்ள புழு தேவைப்படவில்லை, அதன் முட்டையிலிருந்து எடுத்த சாறே எலிகளைக் காத்தது.

சென்னையில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வொன்றும், டைப் 1 நோயாளிகளிடம் யானைக்கால் புழுத்தொற்று குறைவு என்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவவில்லை. கொக்கிப்புழு ரத்தசோகை தரும், யானைக்கால் புழு காலையே முடக்கும். அவற்றை உடம்பில் வளரவிடுவது வைத்தியம் ஆகாது.

நம்பிக்கை: புழுவிலிருந்து எடுக்கும் மருந்து என்றால் உடலின் எதிர்ப்பு சக்தியை மொத்தமாக அடக்கிவிடும்.

உண்மை: ஆடு மாடுகளைத் தாக்கும் கல்லீரல் தட்டைப்புழு, தான் குடியிருக்கும் உடலின் தாக்குதலைத் தணித்தே பல ஆண்டுகள் பிழைக்கிறது. அது சுரக்கும், 68 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட் ஒன்றைச் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். எலிகளில் அது நீரிழிவைத் தடுத்தது. எதிர்ப்பு சக்தியை மொத்தமாக அடக்காமல், அழற்சியால் சாகும் பீட்டா செல்களை அது நேரடியாகவே காக்கிறது என்று 2021-இல் தெரியவந்தது. இது உண்மையிலேயே உற்சாகம் தரும் சேதி. செல் பிழைத்தால் இன்சுலினும் சுரக்கும்.

நம்பிக்கை: இனி இன்சுலின் ஊசி வேண்டாம்.

உண்மை: வேண்டும். எலியைக் காத்தது மனிதரையும் காக்கும் என்று சொல்ல முடியாது. குரோன் குடல் நோய்க்குப் பன்றிச் சாட்டைப்புழு முட்டைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2013-இல் தோற்றது. டைப் 1-ஐத் தள்ளிப்போட அமெரிக்கா 2022-இல் அனுமதித்த டெப்லிசுமாப் மருந்துக்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை.

பெற்றோர் இன்சுலினையும் நிறுத்தக் கூடாது, பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் மறுக்கக் கூடாது. பிள்ளைக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு இருந்தால் அன்றே ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.