மறதி நோயுற்ற முதியோருக்கு ஏற்ற வீடு

விடியற்காலை நான்கு மணி. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் படுக்கையை விட்டு எழுகிறார். கதவைத் திறந்துகொண்டு இருளில் இறங்குகிறார். மகன் ஓடிவந்து தடுத்தால், "பெரட்டுக்கு நேரமாயிற்று" என்கிறார். அவர் பால்மரம் வெட்டுவதை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அச்சமுற்ற வீட்டார் மறுநாள் முதல் கதவுக்குப் பூட்டுப் போடுகின்றனர். பெரியவர் கதவைத் தட்டுகிறார், கூச்சலிடுகிறார், உணவை மறுக்கிறார். நோய் முற்றிவிட்டது என்று எல்லாரும் எண்ணுகின்றனர். முற்றியது நோய்தானா, அல்லது பூட்டு விளைத்த துன்பமா? இத்தகைய குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

நோயின் இயல்பு

'டிமென்ஷியா' எனப்படும் மறதி நோய் முதுமையின் இயற்கையன்று, பைத்தியமன்று, பிறர் வைத்த செய்வினையுமன்று. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைவதால் உண்டாகும் நோயாகும். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் எடுத்துரைத்த நோயே இதில் மிகுதியாகக் காணப்படும் வகை. 2021ஆம் ஆண்டில் உலகில் 57 மில்லியன் மக்கள் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இந்நோயில் அண்மைக்கால நினைவே முதலில் அழிகிறது. பழைய நினைவு நெடுநாள் நிலைத்து நிற்கிறது. காலையில் உண்டதை மறந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் வெட்டிய நிரையை மறப்பதில்லை. ஆகவே, பெரட்டுக்குப் புறப்படும் பெரியவர் பிடிவாதம் செய்யவில்லை. தம் கடமையை நினைத்தே புறப்படுகிறார்.

மறதி கண்டவுடன் முதற்கண் செய்ய வேண்டியது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே. தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றைச் சீர்ப்படுத்த முடியும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், சிறுநீர்த் தொற்று முதலியவை காரணமாக இருக்கக்கூடும், தாமதம் கூடாது.

ஹாலந்து காட்டிய வழி

மறதி நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால், நோயாளி வாழும் இடத்தை மாற்றியமைத்து அவருடைய துன்பத்தைக் குறைக்கலாம். இதற்குச் சிறந்த சான்று ஹாலந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரையொட்டிய வேஸ்ப் என்னும் ஊரில் உள்ளது. அங்கு 2009ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட 'ஹோகவெய்க்' ஒரு சிற்றூரைப் போன்றது. மருத்துவமனைக் கூடங்களுக்குப் பதிலாக அங்கே வீடுகள் உள்ளன. வீட்டுக்கு ஆறேழு பேர் வாழ்கின்றனர். கடை, உணவகம், தோட்டம், நடைபாதை யாவும் உண்டு. சுற்றுப்புறம் அடைக்கப்பட்டு வாயில் ஒன்றே இருப்பதால், உள்ளே அவர்கள் விரும்பியபடி நடந்து திரியலாம்.

தொடக்கத்தில் அவ்வீடுகள் பலவகை வாழ்க்கை முறைகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. முன்னாளில் இந்தோனேசியாவில் வாழ்ந்து பழகியவர்களுக்கென அந்நாட்டு முறையில் வீடும், சோறும், காரச்சுவை உணவும் இருந்தன. நோயாளியின் பழைய வாழ்க்கையை அறிந்து அதற்கேற்ப இடத்தை அமைக்க வேண்டும் என்பதே இதன் பாடம். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. தோட்டத்து வீட்டிலும் செய்யலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. வெளிச்சம்: மாலை மங்கும் வேளையில் இந்நோயாளிகள் பலருக்குக் கலக்கம் மிகும். நிழலை ஆள் என்று எண்ணி அஞ்சுவர். இருட்டுமுன்னரே விளக்கை ஏற்றுங்கள். கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தை அந்நியர் என்று அஞ்சினால், கண்ணாடியை மூடிவிடுங்கள்.

2. தரை: கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றலாம், பளபளக்கும் தரை தண்ணீராகத் தோன்றலாம். இரண்டையும் தவிருங்கள். படியின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணம் தீட்டுங்கள்.

3. கழிவறை: இடம் தெரியாமையாலேயே பலர் ஆடையை நனைத்துவிடுகின்றனர். கழிவறைக் கதவுக்குத் தனி வண்ணம் பூசிப் படம் ஒன்றை ஒட்டுங்கள். இரவு முழுவதும் அங்கு விளக்கு எரியட்டும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தால் பயனில்லை. பின்னாளில் கற்ற மொழியும் முன்னதாக மறந்துபோகக்கூடும்.

4. உணவு: வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெளிவாகத் தெரியாது. வண்ணத் தட்டில் இடுங்கள். பச்சை வாழையிலையில் சோறு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை நாம் அறிவோம்.

5. ஆபத்துகள்: களைக்கொல்லி, பால் உறையவைக்கும் அமிலம், பால்மரம் வெட்டும் கத்தி ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள். குடிநீர்ப் போத்தலில் மருந்தை ஊற்றி வைப்பது ஒருபோதும் கூடாது. சமைத்து முடித்ததும் எரிவாயுக் கலனின் வாயை மூடுங்கள்.

6. நடமாட்டம்: வீட்டைச் சுற்றித் தடையற்ற நடைவழி ஒன்று புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியுமாறு அமையட்டும். வேலிப்படலின் கொண்டியை எளிதில் கண்ணில் படாத இடத்தில் பொருத்துங்கள். கதவில் சிறு மணி கட்டுங்கள். அவர் வெளியேறும்போது ஓசை கேட்கும். பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டையை அவர் கையில் அணிவியுங்கள்.

பூட்டு காவலாகுமா?

நோயாளியைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்வது பேராபத்து. தீப்பற்றினால் அவர் தப்ப வழியில்லை. குடும்பத்தார் அனைவரும் விடியுமுன் வெட்டுக்குப் போக நேர்ந்தால், அக்கம்பக்கத்தாரிடம் நோயைப் பற்றி வெளிப்படையாகக் கூறி, முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதே தக்கது. இதில் வெட்கத்திற்கு இடமில்லை. மறைப்பதால்தான் வழிதவறியவரைக் கண்டும் பிறர் வாளாவிருந்துவிடுகின்றனர். பராமரிப்பவரும் மனிதரே, பெரும்பாலும் மருமகளோ மகளோ தனியாகவே இச்சுமையைச் சுமக்கிறார். வீட்டிலுள்ள ஆண்களும் அதில் பங்குகொள்ள வேண்டும்.

இனி, பெரட்டுக்குப் புறப்பட்ட பெரியவரிடம் திரும்புவோம். அவரைத் தடுத்து, "உங்களுக்கு வேலை போய் எத்தனையோ வருடமாயிற்று" என்று வாதிடுவதால் பயனில்லை. விளக்கை ஏற்றி, சூடாகக் கோப்பி ஒரு குவளை கொடுத்து, "எந்த நிரை வெட்டினீர்கள், அப்பா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி உடன் நடந்து, மீண்டும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். பழைய மங்கு இரண்டு மூன்றைத் துடைத்து அடுக்கக் கொடுத்தாலும் அவர் கைகள் அமைதியுறும்.

விடியுமுன் எழுந்து, காண்டா வாளி சுமந்து நம்மை ஆளாக்கிய கைகள் அவை. நினைவு அவரை விட்டு நீங்கினாலும், இது தம் வீடு என்ற உணர்வு அவரை விட்டு நீங்காதிருக்கச் செய்வது நம் கடமையாகும்.