முட்டைப் பெட்டியின் மேல் எழுதும் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டைப்பெட்டியின் மாதிரியும், அதன்மேல் ஒட்டுவதற்காகக் கோயமுத்தூரில் அச்சடிக்க உத்தேசித்திருக்கும் லேபிளின் நகலும் வந்து சேர்ந்தன. பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ‘மூலிகை உண்ட கோழி’, ‘நூறு சதவீதம் இயற்கை’, ‘ஆர்கானிக்’ என்று மூன்று பக்கங்களிலும் பெரிய எழுத்தில் முழங்கிவிட்டு, முட்டை என்றைக்கு இட்டது என்பதை மட்டும் எந்தப் பக்கத்திலும் சொல்லாமல் விட்டிருக்கிறாயே, அதைக் கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க நினைத்தேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வாக்கியம் அதைவிடப் பெரிய விஷயத்தைக் கிளப்பிவிட்டது. பட்டணத்துக் கடைக்காரர் ஒருவருக்குத் தினம் 30 நாட்டுக்கோழி முட்டை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்கிறாய்.

கணக்கைப் பார். உன் தோப்பில் இருப்பவை 40 பெட்டைகள். அசல் நாட்டுக்கோழியோ, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிட்டு, குஞ்சுகளை மேய்த்து ஆளாக்கும்வரை முட்டையென்ற பேச்சையே மறந்துவிடுகிற ஜாதி. வருஷம் முழுவதும் கூட்டினாலும் 60, 70-க்கு மேல் தேறுவது அருமை. 40 பெட்டைகளும் ஒரு குறைவுமின்றி இட்டால்கூட வருஷத்துக்கு 2,800. நாளொன்றுக்கு ஏழோ எட்டோ. மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவாய்? அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கிச் சேர்ப்பாய். அதுவும் போதாதபோது, பழுப்பு ஓடுள்ள பண்ணை முட்டை ஒரு தட்டு உள்ளே நுழையும். தேயிலைச் சாயத்தில் வெள்ளை முட்டையை முக்கியெடுத்து நாட்டுமுட்டையென்று விற்கிற ஆசாமிகளில் யாரும் முதல் நாளே சாயப்பாத்திரத்தோடு கடை திறந்திருக்கமாட்டார்கள் என்பது என் அனுமானம். கொடுக்க முடியாததைக் கொடுப்பதாக வாக்களித்த நிர்ப்பந்தமே அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்.

சட்டம் திசை திரும்புகிற இடமும் இதுதான். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், தன் 18-ஆவது பிரிவில், விவசாயிக்கும் அவனுடைய பயிருக்கும் கால்நடைக்கும் தெளிவாகவே விலக்கு அளித்திருக்கிறது. கால்நடை வளர்ப்பில் கிடைக்கும் பண்டம் விவசாயியல்லாத ஒருவர் கைக்குப் போனபின்புதான் ‘முதன்மை உணவு’ என்ற பெயரோடு அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆகவே, உன் கோழி இட்டதை உன் தோப்பு வாசலில் கூடையில் வைத்து விற்கும்வரை நீ குடியானவன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நாலு முட்டை வாங்கி அதில் லாபம் வைத்து விற்ற க்ஷணத்தில் நீ வியாபாரி. வியாபாரியாவது குற்றமில்லை. 2011-ஆம் வருஷத்து விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டினால் சரி என்று எவ்வளவோ தயவாகத்தான் வகுத்தன. பெட்டியில் அடைத்துக் கடைக்கு அனுப்புவதென்று தீர்மானித்துவிட்டபடியால், விலக்கு உண்டா இல்லையா என்று வாதாடிக்கொண்டிராமல் பதிவு செய்து அந்த 14 இலக்க எண்ணை வாங்கிக்கொள்வதே உத்தமம். கடைக்காரர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

அடைத்த பெட்டிக்கென்று எடையளவுச் சட்டத்தின் கீழும் 2011-இல் விதிகள் பிறந்தன. அடைத்தவர் பெயர், விலாசம், பொருளின் பெயர், எண்ணிக்கை, அடைத்த மாதமும் வருஷமும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, குறை சொல்லவேண்டுமானால் யாரைக் கூப்பிடுவது என்ற விவரம்: இவையெல்லாம் வேண்டும். இத்துடன் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமும் இருக்கவேண்டும். முட்டை சைவமென்று வாதிடுகிறவர்கள் உன் வாடிக்கையாளர்களிலேயே இருக்கக்கூடும், ஆனால் விதி அதை அசைவத்தில்தான் சேர்த்திருக்கிறது. உன் நகலில் இருப்பது பழைய பழுப்பு வட்டம். 2020-ஆம் வருஷத்து விதிகள் அதை முக்கோணமாக மாற்றிவிட்டன.

‘ஆர்கானிக்’ என்ற சொல்லை எடுத்துவிடு. அது சான்றிதழோடு சம்பந்தப்பட்ட சொல். உன் கோழிகளோ மேய்ச்சல் போதாத நாளில் கடையில் வாங்கிய மக்காச்சோளம் தின்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். மூலிகை என்பது, வேலியோரத்துத் துளசியை அவை எப்போதோ கொத்துவதைத்தானே குறிக்கிறது? கீரையும் முருங்கையிலையும் தின்றால் மஞ்சள்கரு நன்றாகச் சிவந்து வரும் என்பது வாஸ்தவம்; அந்த நிறத்தை வாங்குகிறவர் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். எண்ணிக்கை போதவில்லையென்று ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கிய கிராமப்பிரியாக் கோழியை வாங்கிவிடலாம் என்ற யோசனையும் உனக்கு இருப்பதாகத் தெரிகிறது. வாங்கு, தடையில்லை, நாட்டுக்கோழியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும், ஓடும் பழுப்புத்தான். ஆனால் அந்தப் பெட்டியில் கிராமப்பிரியா என்றே எழுது.

இனி, தேதி. மாதமும் வருஷமும் போட்டால் எடையளவு விதிக்குப் போதும், உனக்குப் போதாது. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் புறப்படும் முட்டையோடு விலையில் நீ ஒருநாளும் போட்டியிட முடியாது. பருமனிலும் முடியாது, ஏனென்றால் அக்மார்க் தராசில் 38 முதல் 44 கிராம்வரை உள்ளது சிறியது, 53-க்கு மேற்பட்டதே பெரியது. உன்னுடையது பெரும்பாலும் சிறியதில்தான் நிற்கும். உன்னால் கொடுக்கக்கூடியதும் அந்தப் பண்ணைக்காரர்களால் இலகுவில் கொடுக்கமுடியாததும், இந்த முட்டை நேற்றுக் காலை இட்டது என்ற செய்தி ஒன்றே. எடுத்தவுடன் அகன்ற முனையில் பென்சிலால் தேதியைக் குறித்துவிடு.

இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெட்டைகளோடு சேவல் திரிகிற தோப்பில் முட்டைகளெல்லாம் பெரும்பாலும் கருக்கூடியவை. சுமார் 21 டிகிரிக்கு மேலே சூடு போனால் கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் ஓட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த முட்டையை இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்; செந்நூல் சுற்றியதுபோல் ஓர் இரத்த வளையம் தெரியும். அதைச் சட்டியில் உடைத்த வீட்டுக்காரி மறுபடி உன் பெட்டியைத் தொடமாட்டாள். விற்பனைக்கென்று இருக்கும் பெட்டைகளைச் சேவலிடமிருந்து பிரித்துவை; காலையிலும் மத்தியானத்திலும் முட்டையைப் பொறுக்கிவிடு.

கழுவாதே. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றை மூடி, இட்டபோதே ஒரு மெல்லிய பூச்சு காய்ந்திருக்கிறது. பச்சைத்தண்ணீரில் போட்டால் அந்தப் பூச்சும் போகும், உள்ளிருப்பது குளிர்ந்து சுருங்கும்போது வெளி அழுக்கையும் துளைவழியே உள்ளிழுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கழுவுகிறார்கள் என்றால், அவர்கள் அதன்பின் கடைவரை குளிர்பதனத்திலேயே கொண்டுபோகிறார்கள். எச்சம் பட்டதை உலர்ந்த துணியால் துடை. போகவில்லையென்றால் அது வீட்டுச் சமையலுக்கு. வைக்கோலை மாற்றிக்கொண்டேயிருந்தால் துடைக்கிற வேலை பாதி குறையும்.

உன் பெட்டி அழகாக இருக்கிறது. ஆனால் அதன் குழிகள் பண்ணை முட்டைக்கென்று வார்த்தவை. உன் முட்டை அதில் ஆடும். பொள்ளாச்சி ரோட்டின் வேகத்தடைகளைத் தாண்டிக் கோயமுத்தூர் போவதற்குள் ஆறில் ஒன்று கீறிவிடும். குழி சிறியதாகக் கேட்டு வாங்கு. கூர்முனை கீழேயும் அகன்ற முனை மேலேயுமாக அடுக்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய காகிதத் தட்டுகளை மட்டும் வாங்கிவிடாதே. அவை எந்தப் பண்ணையின் எச்சத்தைச் சுமந்து வந்தவையென்று தெரியாது, காகிதத்தைக் கழுவவும் முடியாது. வெள்ளைக்கழிச்சல் நோய் அந்த வழியில் உன் தோப்புக்குள் வந்துவிடக்கூடும்.

கடைக்காரருக்கு இன்றே எழுது. குஞ்சு பொரிக்க எடுத்துவைப்பது போக வாரத்துக்கு ஆறு பெட்டி, அடைக்காலத்தில் அதுவும் குறையும், ஒவ்வொன்றிலும் இட்ட தேதி இருக்கும் என்று சொல். அவருக்கு அது போதாதென்றால், அக்கம்பக்கத்து முட்டைகளை ஊர்ப்பெயரில் தனிப்பெட்டியாக, வீட்டுக்கொரு குறியீடு போட்டு அனுப்பலாம்; வாங்கும்போதே தேதி குறித்து வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடு. லேபிளைத் திருத்தியபின் அச்சுக்குப் போகுமுன் ஒரு நகல் அனுப்பிவை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்