கருவுற்ற மகளிரின் பரிசோதனை நாளும் அன்றைய சம்பளமும்

பேறுகால விடுப்பைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் பேசத் தொடங்கினால், "அதுதான் ஆறு மாதம் சம்பளத்துடன் கொடுக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்ற வினாவே முதலில் எழுகின்றது. வினா நியாயமானதே. ஆனால் பிரசவத்தையொட்டி எடுக்கும் நீண்ட விடுப்பு வேறு. கருவுற்ற மூன்றாம் மாதம் முதல் அவ்வப்போது வைத்தியரிடம் சென்று வருவதற்கு வேண்டிய ஒரு நாள் அல்லது அரை நாள் விடுப்பு வேறு. முன்னதற்குச் சட்டம் உண்டு. பின்னதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் தனி ஏற்பாடு இல்லை. இந்த வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்தல் அவசியம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டு, 2022 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்தமையால் பத்திரிகைகளில் பெயர் பெற்ற ஊர். அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று ஏரியும் வயலும் மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் நீண்டு கிடக்கின்றன. அண்மையிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்குரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. தாய் நாற்று நடப் போன வீட்டிலிருந்து மகள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறாள். ஆகவே இது நகரத்தாரின் விஷயம் என்று விவசாயிகள் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம். சென்னை மாகாணத்தில் 1934 ஆம் ஆண்டிலேயே பேறுகால உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961 இல் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு 2017 இல் 26 வாரமாக உயர்ந்தது. அவ்விதிகள் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பின்படியே நடைமுறையில் உள்ளன. பிரசவம் எதிர்பார்க்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் இவ்வுரிமை உண்டு. 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னரே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவர்க்கு மொத்தம் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். கர்ப்பத்தினால் நோயுற்றாலும் சான்று காட்டி ஒரு மாதம் வரை விடுப்புப் பெறலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தோராவர். இவர்களுடைய விடுப்புக்காலப் பணத்தைத் தருவது முதலாளி அன்று, இ.எஸ்.ஐ. கழகமே தருகின்றது. சம்பளத்தில் நூற்றுக்கு 0.75 பங்கு தொழிலாளியும் 3.25 பங்கு முதலாளியும் செலுத்தும் சந்தாவே அதற்கு ஆதாரம். இதனை நினைவிற் கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கர்ப்ப காலம் 40 வாரம் எனக் கொண்டால், முன்விடுப்பு 8 வாரத்தையும் முழுமையாக எடுக்கும் பெண்மணியும் 32 ஆம் வாரம் முடிய வேலையில் இருப்பார். அவ்வாறு முழுமையாக எடுக்கவும் பலர் தயங்குவர். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையுடன் இருக்கும் காலத்தில் குறைந்துபோகும் அல்லவா? தாயின் இக்கணக்கில் பிழையில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி கர்ப்பிணி எட்டு முறை பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். முதன்முறை 12 வாரத்துக்குள். பின்பு 20, 26, 30, 34, 36, 38, 40 ஆம் வாரங்களில். இவற்றுள் முதல் நான்கும் வேலை செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே வருகின்றன. முக்கியமானவையும் இவையே. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்திருந்தால் சோகை என அறிந்து மருந்து தொடங்குவதும், சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் காண 18 முதல் 20 வாரத்துக்குள் ஸ்கேன் எடுப்பதும், 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரை பார்ப்பதும் இக்காலத்திலேதான். இரும்புச் சத்து மாத்திரை 180 நாள் உட்கொள்ள வேண்டும் என்பது விதி. காலந்தாழ்ந்து தொடங்கினால் பிரசவத்துக்குள் அந்த 180 நாள் நிரம்புவது எவ்வாறு?

இரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் சற்று விரித்துக் கூற வேண்டும். 20 வாரத்துக்குப் பின் சிலருக்கு அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கழியும். தொடக்கத்தில் வலி இராது, காய்ச்சல் இராது, அப்பெண் வழக்கம்போல் வேலைக்குச் சென்று வருவார். கடுந்தலைவலியும் கண் மங்கலும் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். அடுத்து வலிப்புக் காணலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாலன்றி இதனை முன்னரே அறிய வழியில்லை. பார்ப்பதற்கு ஐந்து நிமிடமே ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தொழிற்சாலைப் பெண் ஒரு நாள் கூலியை இழக்கிறார்.

ஏனெனில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. 2016 முதல் மாதந்தோறும் 9 ஆம் தேதி நடைபெறும் இலவசச் சிறப்புப் பரிசோதனையும் பொதுவாக வேலை நாளிலேயே வரும். காலை ஷிப்டில் உள்ளவர் போக முடியாது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறக்கத்தை விட்டுவிட்டு வரிசையில் அமர்கிறார். ஒரு நாள் வராவிடினும் அந்த மாதத்து வருகைப் படி முழுவதையும் பிடிக்கும் இடங்களில் இழப்பு ஒரு நாள் கூலியோடு நிற்பதில்லை. வருடாந்திரச் சம்பள விடுப்பு இருக்கிறதே எனலாம். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற அவ்விடுப்பும் 180 நாள் வேலை செய்தவர்க்கே உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்க்கு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழை மகளிர்க்கு ரொக்கமும் ஊட்டப் பொருளுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவுகின்றது. வயலில் கூலி வேலை செய்வோர்க்கும் அதுவே துணை. ஆயினும் "செவ்வாய்க்கிழமை அரை நாள் வேண்டும்" என்று மேற்பார்வையாளரிடம் கேட்கும் உரிமையை அது தருவதில்லை.

பிற நாடுகளில் இக்குறை எவ்வாறு தீர்க்கப்பட்டது? பிரிட்டனில் பேறுகாலப் பரிசோதனைக்குச் சம்பளக் குறைவின்றிச் சென்று வரும் உரிமை 1980 இல் சட்டமாயிற்று. ஜப்பானில் நேரம் தருவது முதலாளியின் கடமை. அந்நேரத்துக்குச் சம்பளம் தருவது கட்டாயமன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓராண்டில் 20 மணி நேரம் இதற்கெனவே சம்பளத்துடன் அளிக்கப்படுகின்றது. எட்டு மணி வேலை நாள் கணக்கில் அது இரண்டரை நாள். நமது கணக்கும் ஏறக்குறைய அதுவே: நான்கு பரிசோதனை, நான்கு அரை நாள், மொத்தம் இரண்டு நாள். தமிழ்நாட்டு அரசு ஊழியராகிய பெண்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு ஓராண்டு. அத்தகைய அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் எம்போன்றோர், தொழிற்சாலைப் பெண்ணுக்கு இரண்டு நாள் கேட்பதை மிகையெனக் கூறுதல் முறையாகாது.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் செல்லும் பெண்கள் தமக்கு எவ்வுரிமையும் இல்லையென்று எண்ணுகின்றனர். இது தவறு. டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலச் சட்டம் பொருந்தும் என்று 2000 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கு, கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தைக் கடந்து, 1977 இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விடுப்புக்காலச் சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அதன் தீர்ப்பு. ஒரு நாள் சம்பளம் அற்பமன்று என்பதை அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார்.

உரிமைகள் பெருகப் பெருக முதலாளிகள் மணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவர் என்போரும் உளர். இவ்வச்சம் முற்றிலும் பொய்யென்று யான் கூறேன். ஆனால் பெருஞ்செலவாகிய 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் ஏற்கின்றது என்பதை மேலே கண்டோம். எஞ்சிய இரண்டு நாள் கூலிக்காகப் பயின்ற தொழிலாளியை இழப்பது முதலாளிக்கும் இலாபமன்று.

பஞ்சாயத்து செய்யக்கூடியது என்ன? கிராமசபைத் தீர்மானம் தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. இதை முன்னரே சொல்லிவிடுதல் நல்லது. எனினும் ஊரின் பெயரால் எழுத்தில் வரும் வேண்டுகோளை நிர்வாகம் எளிதில் தள்ளுவதில்லை. மே 1 ஆம் தேதிக் கிராமசபை இதற்குப் பொருத்தமானது. கர்ப்பிணிகளுக்கு 32 ஆம் வாரத்துக்குள் நான்கு அரை நாள் சம்பளத்துடன் தருக, அதனால் வருகைப் படியைப் பிடியாதிருக்க என்ற இரண்டையுமே கேட்க வேண்டும். பலவற்றைக் கோத்தால் ஒன்றும் நடவாது. தீர்மானத்தின் நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்புதல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரைக் கண்டு, ஷிப்டில் செல்வோர்க்கென மாலையிலோ ஞாயிறு காலையிலோ மாதம் ஒரு முறை நேரம் ஒதுக்க இயலுமா என்று கேட்கலாம். ஊருக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் பெண்களைக் கிராம சுகாதார செவிலியர் 12 வாரத்துக்குள் பதிவு செய்வதற்கு, அவர்கள் இருக்கும் தெருவை அறிந்த வார்டு அங்கத்தினரே உதவ முடியும்.

தொழிற்சாலையில் காட்டுவதற்குச் செவிலியர் தரும் சீட்டில், வந்த தேதி, வந்த நேரம், திரும்பிய நேரம் ஆகியவை மட்டும் இருந்தால் போதுமானது. பரிசோதனையில் கண்ட விவரம் எதையும் அதில் எழுதலாகாது. அது அப்பெண்ணின் கையேட்டில் இருக்கட்டும்.