ஐவர்க்கு ஐந்து மாளிகை

இராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார்ப் பாலைவனத்தின் நடுவே ஜெய்சல்மேர் என்னும் நகரம் உள்ளது. அங்குக் கோட்டையும் வீடுகளும் மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனவை. மாலை வெயிலில் அவை பொன்னென ஒளிரும். அந்நகரின் குறுகிய தெரு ஒன்றில், ஒன்றையொட்டி ஒன்றாக நிற்கும் ஐந்து மாளிகைகளைப் 'பட்வா ஹவேலி' என்பர். ஹவேலி என்பது, செல்வக் குடும்பங்கள் வாழ்ந்த, நடுவே முற்றம் உடைய பெருமனையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்.

குமான் சந்த் பட்வா என்னும் வணிகர் தம் மைந்தர் ஐவர்க்கும் ஆளுக்கொரு மாளிகை அமைய வேண்டும் என விரும்பினார். முதல் மாளிகையின் பணி 1805ஆம் ஆண்டு தொடங்கியது. ஐந்தும் நிறைவுற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. சிந்து நாட்டிற்கும் அதற்கு அப்பாலும் சென்று மீண்ட ஒட்டகச் சாத்துகளே அச்செல்வத்திற்கு ஊற்று.

மாளிகையின் முகப்பில் முதலில் நம் கண்ணைக் கவர்வன, சுவரினின்று தெருப்பக்கம் நீண்டு நிற்கும் மாடங்கள். இவற்றை அவ்வூரார் 'ஜரோக்கா' என்பர். மாடங்களில் நுண்துளைகள் இட்ட கற்சாளரங்கள் உள்ளன. சிலாவட் எனப்படும் கல்தச்சர்கள் மரத்தைக் குடைவதுபோலக் கல்லைக் குடைந்துள்ளனர். இவற்றை வெறும் அழகு வேலை என்று எண்ணிவிடக் கூடாது. நீண்ட மாடம் தனக்குக் கீழுள்ள சுவருக்கு நிழல் தருகிறது. சாளரத் துளைகள் கடும் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. அக்காலப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் தெருவைக் காணவும் அவை உதவின. உள்ளே செல்வோர், கண்ணாடித் துண்டுகள் பதித்த சுவர்களையும் வண்ண ஓவியங்களையும் காணலாம்.

பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது. சரக்குகள் கப்பலிலும் இரயிலிலும் செல்லத் தொடங்கின. ஒட்டக வழிகளில் வணிகம் குறைந்தது. பட்வா குடும்பத்தாரும் பிழைப்பை நாடி வேற்றூர் சென்றனர். 1947இல் நாடு பிரிவினையுற்றபோது சிந்துவுக்குச் செல்லும் வழியும் அடைபட்டது. ஐந்து மைந்தர்க்கென எழுந்த மனைகளில் இன்று அக்குடும்பத்தின் அடுப்பு எரிவதில்லை. ஒரு மாளிகை தனியார் அருங்காட்சியகமாக உள்ளது. அரசின் பாதுகாப்பில் உள்ளவையும் உண்டு. நாள்தோறும் வெளியூரார் வந்து, அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
சாத்து – வணிகர் கூட்டம். சாளரம் – சன்னல். மனை – வீடு

பயிற்சி
1. மாடங்களும் சாளரங்களும் பாலைவன வாழ்விற்கு எவ்வாறு உதவின?
2. பட்வா குடும்பத்தார் ஊரை விட்டுச் சென்றது ஏன்?
3. உங்கள் குடும்பத்தின் பழைய வீடு எந்த ஊரில் உள்ளது? அங்கு இப்போது வாழ்பவர் யார்? தாத்தா பாட்டியிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.