உரையை வைத்துத் தேடப் பழகும் பிள்ளைகளுக்கு

எக்ஸ்எம்எல் கோப்பில் எக்ஸ்பாத் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, நம் பட்டினப்பாக்கத்தையே தேடிப் பார்ப்போம். சென்னைப் பேருந்து நிறுத்தங்களின் பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. ஒவ்வொரு பெயரும் 'நிறுத்தம்' என்ற உறுப்புக்குள். குறிச்சொல்லைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது.

1. முழுப்பெயர் தெரிந்தால் முழுப்பெயரையே கேளுங்கள்: //நிறுத்தம்[.='பட்டினப்பாக்கம்']. புள்ளி இருக்கும் இடத்தில் டெக்ஸ்ட்() போடாதீர்கள். பெயரின் நடுவே வேறொரு குறிச்சொல் வந்துவிட்டால் உரை துண்டாகும். டெக்ஸ்ட்() துண்டுகளைத் தனித்தனியாகவே ஒப்பிடும். புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்.

2. கன்டெய்ன்ஸ்() கேட்டதை எங்கே கண்டாலும் அள்ளிவரும். 'பாக்கம்' என்றால் நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், மீனம்பாக்கம் எல்லாம் வந்து நிற்கும். வாக்கியங்களில் தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 'பட்டினப்பாக்கத்தில்' என்று உருபு ஏறியதும் 'ம்' போய்விடும். 'பட்டினப்பாக்க' என்று நிறுத்திக் கேளுங்கள்.

3. முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்துக்கு நார்மலைஸ்-ஸ்பேஸ்(.) போதும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் வரும் உடையா இடைவெளியை மட்டும் அது தொடாது.

4. இதுதான் நம் மொழிக்காரர்கள் அவசியம் அறிய வேண்டியது. 'கோ'வை க, ோ என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, ே, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. எக்ஸ்பாத் குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு சொற்கள். ஸ்ட்ரிங்-லெங்த்() போட்டுப் பாருங்கள்: ஒரு கோடம்பாக்கம் 12, இன்னொரு கோடம்பாக்கம் 13. 2007இல் வந்த எக்ஸ்பாத் 2.0இல் இதைச் சரிசெய்ய நார்மலைஸ்-யூனிகோட்() உண்டு. ஆனால் உலாவிகளும் பைத்தானின் எல்எக்ஸ்எம்எல்லும் இன்றும் 1999இன் 1.0 பதிப்பிலேயே இருக்கின்றன. ஆகவே கோப்பையும் தேடுசொல்லையும் முதலிலேயே என்எஃப்சி என்ற, யூனிகோடின் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி ஒரே வரியில் செய்துதரும்.

5. என்எஃப்சியாலும் தீராதவை உண்டு. அவ்வை சண்முகம் சாலையைச் சிலர் 'ஔவை' என்பார்கள். சிலர் ஒ, ள இரண்டையும் சேர்த்துத் தட்டி 'ஒளவை' ஆக்கியிருப்பார்கள். மூன்றையும் 'ஆர்' போட்டு ஒரே கேள்வியில் கேளுங்கள்.