பாதியில் நின்ற கிதார் பீஸ்களை முடிக்க சில வீட்டுக் குறிப்புகள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் கிதார் பரணுக்குப் போய்விடும். ஐந்தாம் கிரேடு, ஆறாம் கிரேடு வரை திரினிட்டி இசைத் தேர்வு எழுதிய எத்தனையோ பேரின் கதை இதுதான். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, மாறி மாறி ஷிஃப்ட், கவரைப்பேட்டையில் வீடு, கையில் ஒரு குழந்தை. கிதாரை இறக்கினால் விரல் தானாகவே பழைய பீஸைத் தொடங்குகிறது, பழைய இடத்திலேயே நிற்கவும் செய்கிறது. இந்தக் குறிப்புகள் அப்படிப்பட்டவர்களுக்கு. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு வேறு குறிப்புகள் வேண்டும்.

1. முதலில் பட்டியல் போடுங்கள். பாதியில் விட்ட பீஸ்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரக்கமில்லாமல் அடியுங்கள். மூன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. தாரேகாவின் 'அல்ஹம்ப்ரா நினைவுகள்' பட்டியலில் இருந்து, அந்த நாளிலேயே உங்களுக்கு டிரெமோலோ வராமல் இருந்திருந்தால், அது நீங்கள் விட்ட பீஸே இல்லை. தொடங்காத பீஸ். அதை எடுத்துத் தனியே வையுங்கள். பட்டியலில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் முடித்துத் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

2. பரணிலிருந்து இறக்கிய கிதாரை உடனே சுருதி சேர்க்காதீர்கள். கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அதற்கு மேல் கம்பியை முறுக்கினால் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அடுத்து, வீட்டில் யாரிடமாவது ஸ்டீல் ஸ்கேல் இருக்கும் (இந்த வட்டாரத்தில் ஃபிட்டர் இல்லாத தெரு ஏது?). பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். கிளாசிக்கல் கிதாருக்கு மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வரை சரி. ஐந்தைத் தொட்டால், அன்று பீஸ் வராமல் போனதற்கு உங்கள் கை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் ஸேடிலைக் கொஞ்சம் தேய்த்தால் தீர்ந்துவிடுகிற விஷயம்.

3. இடைப்பட்ட காலத்தில் யாராவது அதில் ஸ்டீல் கம்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தம்பியோ மச்சானோ சினிமாப் பாட்டு வாசிக்க எடுத்திருப்பார்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவை கொடுக்கும். ஸ்டீல் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிதாரின் மெல்லிய மேற்பலகை அதைத் தாங்காது. உடனே கழற்றுங்கள்.

4. புது நைலான் கம்பி மாட்டிய முதல் சில நாட்கள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நைலானின் குணம் அது. பழைய மூன்று வெறும் நைலான் கம்பிகளை எறியாதீர்கள், அவரைக்கொடியைப் பந்தலில் கட்ட அருமையானவை. செம்புச் சுற்று உள்ள மூன்று பேஸ் கம்பிகள் அதற்கு உதவாது.

5. கிதாருக்கு ஆகாத மாதங்கள் இரண்டு. ஒன்று மே. கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் பரண், கத்திரி வெயிலில் அடுப்புதான், பசை இளகும். மற்றது நவம்பர். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகளே உப்பி மூட மறுக்கும், மெல்லிய பலகை என்ன செய்யும்? வெளிச்சுவரில் சாய்க்காமல், உள்சுவர் ஓரமாக, பெட்டிக்குள் வையுங்கள். புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடலாம். அரிசி மூட்டை கட்டிப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வண்டு வரும்.

6. நகம். வலது கையில் கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை நான்கு நகங்கள் விரல் நுனியைச் சற்றே தாண்டி இருந்தால் போதும். சோப்பு கலந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தவுடன் வாசிக்க உட்காராதீர்கள். ஊறிய நகம் மடங்கும், இடது கை விரல் நுனி வெந்ததுபோல் வலிக்கும். அரை மணி நேரம் காயட்டும். அழகு சாதனக் கடையில் விற்கும் நகம் தேய்க்கும் பட்டை சொரசொரப்பாக விட்டுவிடும். ஹார்டுவேர் கடையில் 600, 1000 நம்பர் எமரி பேப்பர் ஒவ்வொரு தாள் வாங்கி, முதலில் 600-ஆல் வடிவம் கொடுத்து 1000-ஆல் வழவழப்பாக்குங்கள். கம்பியின் ஒலியே மாறும். பாதிக் காசுதான்.

7. இடது காலுக்குக் கீழே வைக்கும் ஃபுட் ஸ்டூல் தொலைந்திருக்கும். இரண்டு செங்கற்களை அடுக்கிப் பழைய துண்டால் சுற்றினால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம் வரும். அரிசிப் படியைக் கவிழ்த்து வைத்தாலும் உயரம் பொருந்தும்தான், ஆனால் படி மேல் கால் வைத்தால் வீட்டில் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

8. இப்போது முக்கியமான குறிப்பு. பீஸை முதலிலிருந்து தொடங்காதீர்கள். தொடக்கம் உங்களுக்கு எப்போதுமே வரும். ஆயிரம் தடவை வாசித்தது அதைத்தானே. நின்ற இடம் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது ஒரு பக்கம்கூட இருக்காது, நான்கு அல்லது ஐந்து பார்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு, எல்லோரும் வாசிக்கும் 'ரொமான்ஸ்'. யார் எழுதியது என்று இன்று வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத பீஸ் அது. 1952-இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் நார்சிசோ யேபெஸ் வாசித்து உலகமெங்கும் பரவியது. முதல் பகுதி 16 பார், இ மைனரில். மோதிர விரலில் மெட்டு, நடுவிரலும் ஆள்காட்டியும் நிரப்பும், கட்டைவிரல் பேஸ். அழகாக வந்துவிடும். இரண்டாம் பகுதி இ மேஜருக்கு மாறுகிறது. திடீரென்று நான்கு ஷார்ப். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் கம்பிகளை ஒருசேர அழுத்தும் பாரே பிடித்துக்கொண்டே சுண்டுவிரலைத் தூரத்துக்கு நீட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் நிற்கும் இடம் இதுதான்.

நின்றவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இரண்டாம் பகுதியும் 16 பார்தான். அது முடிந்ததும் பீஸ் முதல் பகுதிக்கே திரும்பி, அங்கேயே முடிகிறது. ஆக முடிவு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, நடுவில்தான் பள்ளம். அந்த 16 பாரிலும் கை தடுமாறுவது சில இடங்களில் மட்டும். அந்தப் பார்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் அவற்றை மட்டும் வாசியுங்கள். முதல் பகுதியைத் தொடவே கூடாது. இதுதான் கஷ்டம், சொல்லிவிடுகிறேன். நன்றாக வருவதை வாசிக்கத்தான் கைக்கு ஆசை.

தாரேகாவின் 'லாக்ரிமா'வும் இதே கதை, திருப்பிப் போட்டது. முதல் 8 பார் இ மேஜர், அடுத்த 8 இ மைனர், பிறகு தொடக்கத்துக்கே திரும்புவது. ஒரே பக்கம். வருஷக்கணக்காக அதை முடிக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

9. பழைய நோட்ஸைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுங்கள், ஏ-3 தாளில். என்ஜினீயரிங் கல்லூரி இருக்கும் ஊரில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமா? பெரிதாக்குவது கண்ணுக்காக மட்டும் இல்லை. பழைய தாளில் மாஸ்டர் பென்சிலால் எழுதிய விரல் எண்கள் அப்போதிருந்த உங்கள் கைக்கு எழுதியவை. பதினைந்து வயதுக் கை எட்டாத இடத்தை முப்பத்தைந்து வயதுக் கை எட்டும். அப்போது வளைந்தது இப்போது வளையாது. வெற்றுத் தாளில் விரல் எண்களை நீங்களே புதிதாகப் போடுங்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

10. திணறும் நான்கு பாரைப் பின்னாலிருந்து கட்டுங்கள். கடைசி பாரை மட்டும் முதலில், பிறகு கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிச் செய்தால் எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குள் போகிறீர்கள், பயம் குறையும்.

11. பாரே வரவில்லையா? ஆறு கம்பியையும் சமமாக அழுத்தப் பார்ப்பதுதான் பல பேருக்குச் சிக்கல். அந்த இடத்தில் ஆள்காட்டி விரல் எந்தக் கம்பிகளை உண்மையில் ஒலிக்கவிட வேண்டும் என்று பாருங்கள். பல சமயம் இரண்டோ மூன்றோதான். மற்றவற்றை வேறு விரல்கள் பிடித்திருக்கும், அல்லது அவை ஒலிக்கவே வேண்டாம். விரலின் சதைப் பக்கத்தை விட்டுவிட்டு, கட்டைவிரலை நோக்கிய எலும்பு விளிம்பைச் சாய்த்து வையுங்கள். கட்டைவிரலால் நெரிக்காமல் முழங்கையைப் பின்னால் தொங்கவிட்டால் கையின் எடையே பாதி வேலையைச் செய்யும். விரல் நுனி எரிந்தால் பரவாயில்லை, காய்ப்புக் காய்க்கும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

12. பாக் பீஸை விட்டவர்களுக்கு. 996-ஆம் எண் லூட் சூட்டில் வரும் இ மைனர் போரே 24 பார்தான். அது ஒரு மெட்டும் துணைக்கு கார்டும் சேர்ந்த பீஸ் என்று நினைத்து வாசித்தால் கை சிக்கிக்கொள்ளும். அதில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கீழ்க் குரலை மட்டும் தனியாகக் கட்டைவிரலால் முழுக்க வாசியுங்கள். அதுவே ஒரு பாட்டு. பிறகு மேல் குரலைத் தனியாக. கீழ்க் குரலை வாயால் பாடிக்கொண்டே மேல் குரலை வாசிக்க வந்துவிட்டால், இரண்டையும் சேர்ப்பது ஒரு வாரத்து வேலை. 1986-இல் 'ஹௌ டு நேம் இட்?' என்ற இசைத் தொகுப்பைச் செய்து, அதில் ஒரு பகுதிக்குப் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே பெயர் வைத்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, திரினிட்டியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர் பாட்டுகளில் பேஸ் கிதார் தன் வழியே ஒரு தனி மெட்டாக நடப்பதைக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. இரண்டு குரல் நமக்குப் புதிதா என்ன?

13. நேரம். சி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவுடன் புதிய பாரைத் தொடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் தப்பான விரல் பதிந்துவிடும். ஏ ஷிஃப்ட் வாரம்தான் நல்லது. சாயங்காலம் இருபது நிமிடம். அதை இரண்டு பத்து நிமிடங்களாகப் பிரித்து, நடுவில் சோறு வடிக்கலாம். இரவு வாசிக்க வேண்டியிருந்தால், பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். தொட்டில் குழந்தை எழாது. கூடுதல் லாபமாக, ஒலி நீளாததால் எந்த நோட் அமுங்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும்.

14. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்று வாசித்த பார் எண்களையும் மெட்ரோனோம் வேகத்தையும் எழுதி ஆணியில் குத்துங்கள். '17–20, வேகம் 50' என்பது போல. "நல்லா வந்துச்சு", "சொதப்பல்" என்றெல்லாம் எழுத வேண்டாம். எண் மட்டும் போதும்.

15. சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகும்போது ஜெராக்ஸை மடித்து எடுத்துப் போங்கள். உட்கார இடம் கிடைத்தால் தொடை மேல் இடது கை விரல்களை ஓடவிட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் கண்ணை மூடி, அடுத்த நோட் எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று மனசுக்குள் ஓட்டுங்கள். பொன்னேரி தாண்டுவதற்குள் எங்கே மறதி என்று தெரிந்துவிடும். பீஸ் நின்ற பல இடங்களில் விரலுக்கு எந்தக் குறையும் இருக்காது, மனப்பாடம்தான் அங்கே ஓட்டையாக இருக்கும்.

16. வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். யூடியூபில் கேட்ட வேகம் உங்களுக்கு இலக்கு இல்லை. முழு பீஸும் தடுக்காமல் ஓடும் வேகம் எதுவோ, அதுதான் இப்போதைக்கு அந்த பீஸின் வேகம்.

17. பழைய கை திரும்பவில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் கிளாசிக்கல் கிதார் படித்த க்ளென் கர்ட்ஸ், கச்சேரிக் கலைஞராகும் கனவு கலைந்ததும் கிதாரையே விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அதை மறுபடி எடுத்தார்; அந்தத் திரும்பலைப் பற்றியே 2007-இல் ஒரு புத்தகம் எழுதினார். கன்சர்வேட்டரியில் படித்தவருக்கே அப்படி. நாம் ஐந்தாம் கிரேடோடு நின்றவர்கள், நமக்கு என்ன மானம் போகிறது?

18. 'முடிந்தது' என்றால் என்ன என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் முடியவே முடியாது. என் அளவுகோல் இது: முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் ஒரு தடவை போனில் பதிவு செய்தாக வேண்டும், வீட்டில் ஒரு ஆளுக்கு நேரில் வாசித்தாக வேண்டும். பிசிறு இருக்கலாம், நிற்கக் கூடாது. போனை ஒன்றரை மீட்டர் தள்ளி, ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள். கேட்கிறவரிடம் முன்னறிவிப்பு வேண்டாம். "அத்தை, ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்றால் போதும். "இதுல ஒரு இடம் கஷ்டம்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், அவரும் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார், நீங்களும்தான்.

19. முடித்த பீஸை வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகோ ஞாயிறு மத்தியானமோ, ஒரே ஒரு தடவை வாசித்து வையுங்கள். தப்பு வந்தாலும் அன்று திருத்த உட்கார வேண்டாம். பார் எண்ணை மட்டும் காலண்டர் தாளில் குறித்துவிட்டுப் பட்டியலில் அடுத்த பீஸை எடுங்கள்.